ஒரே சஹனில் இரண்டு சம்பந்திகள்

1

போன ஓகஸ்ட் மாதம் நான் கண்டிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர் மடவளைக்குக் கூட்டிவந்த வெள்ளைக்காரரையும் அந்த அம்மாவையும் பற்றி ஊரில் இன்னமும் இரண்டு கதைகள் உலாவுவதாக மச்சி போனில் சொன்னார். மச்சி என்றால் என் அண்ணன் மனைவி. அண்ணனை நாங்கள் நானா என்போம். வந்த இருவரும் புருஷன் பெண்சாதி என்பது முதல் கதை. நானா வீட்டில் ஒரு கோழிக்காலுக்காகச் சண்டை பிடித்து அங்கேயே பிரிந்துவிட்டார்கள் என்பது அடுத்தது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டால், மீன்கடை வாசலிலும் பள்ளிவாசல் வாசலிலும் நானா நின்று பதில் சொல்லும் வேலை மிச்சம்.

நாங்கள் இருப்பது வூப்பர்தாலில். ஜேர்மனியில் மலையும் மழையும் சேர்ந்தே கிடைக்கும் ஊர். கண்டிக்காரியான எனக்கு அது ஒத்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரர் வெர்னர். பௌதிகம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஜேர்மன்காரர், மனைவியை இழந்தவர். மேல்வீட்டில் ரூத். மூக்குக்கண்ணாடிக் கடை நடத்திய யூதப் பெண்மணி. கணவர் எங்கே என்று யாராவது கேட்டால், "உயிரோடுதான் இருக்கிறார், எனக்குத்தான் அலுத்துவிட்டது" என்பார். இருவருக்கும் நடுவில் நானும் என் கணவர் நஸீரும் மகள் ஸாராவும். மேலே நடப்பதும் கீழே நடப்பதும் எங்கள் வீட்டு வழியாகத்தான் போய்வரும்.

கட்டடத்தின் வாசலில், நடைபாதையில், சின்னச் சின்னப் பித்தளைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் இங்கே குடியிருந்த யூதக் குடும்பம் ஒன்றின் பெயர்கள். யார், எந்த ஆண்டு பிறந்தார்கள், எங்கே கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள் என்று ஒவ்வொன்றிலும் வெட்டியிருக்கிறது. நவம்பர் மாதத்தில் ஒரு நாள் அயலவர்கள் முழங்காலில் நின்று அவற்றைத் துலக்குவது இங்கே வழக்கம். வெர்னருக்கு ஒரு நாள் போதாது. மாதம் முழுக்கத் துலக்குவார். துலக்கிக்கொண்டே மேல்மாடி யன்னலைப் பார்ப்பார். ரூத் தலையை நீட்டி, "வெர்னர், அவர்கள் எனக்குச் சொந்தமில்லை. குடை விற்றவர்களாம். நிம்மதியாக விடு" என்பார். வெர்னர் எழுந்து நின்று, இடைஞ்சலுக்கு மன்னிப்புக் கேட்பார்.

ரூத் யுத்தம் முடிந்த பிறகு ஜேர்மனியிலேயே பிறந்தவர். நாஜி முகாமிலிருந்து உயிரோடு வெளியே வந்த அவரது தாய் தகப்பன், வேறு நாட்டுக்குப் போகும்வரை கொஞ்ச நாள் இருப்போம் என்று இருந்து, இருந்து, இங்கேயே கண்ணை மூடினார்கள். தகப்பனார் சாகும்வரை அலுமாரிக்கு மேல் இரண்டு பெட்டிகளைக் கட்டித் தயாராக வைத்திருந்தாராம். இதை ரூத் எனக்குச் சொன்னது எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் பாலில்லாத பிளேன்டீ குடிக்கும்போது. வெர்னருக்குச் சொன்னதில்லை.

"அவனிடம் சொன்னால் அழுவான். பிறகு நான் அவனைத் தேற்ற வேண்டும். என் அப்பாவுக்காக நான் ஏன் வெர்னரைத் தேற்ற வேண்டும்?" என்றார்.

நியாயமான கேள்விதான். இன்னொரு பிளேன்டீ ஊற்றினேன்.

2

இந்த விஷயம் எங்களுக்குச் சம்பந்தமில்லாதது என்றுதான் வந்த புதிதில் நினைத்திருந்தேன். ஸாரா பத்தாம் வகுப்புக்கு வந்தபோது அந்த நினைப்பு போனது. நாஜிக் காலத்தில் உங்கள் குடும்பத்து மூத்தவர்கள் என்ன செய்தார்கள் என்று விசாரித்து எழுதி வரும்படி ஆசிரியை சொல்லியிருந்தார். நானாவுக்குப் போன் எடுத்தோம். நானா ஊர் முழுக்க விசாரித்து, எங்கள் வாப்பாவின் வாப்பா அந்தக் காலத்தில் கட்டுகஸ்தோட்டையில் வாழைப்பழம் விற்றார் என்றும், பேராதனைப் பக்கம் பட்டாளம் வந்து இறங்கியபோது அவர்களுக்கும் வாழைப்பழமே விற்றார் என்றும் தகவல் தந்தார்.

வகுப்பில் மற்றப் பிள்ளைகள் கட்டுரை வாசித்தபோது சிலர் அழுதார்களாம். ஸாரா முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தாள். "உம்மா, எல்லாரிடமும் ஏதோ ஒன்று இருக்கிறது. நம்மிடம் வாழைப்பழம்தான் இருக்கிறது" என்று ஜேர்மன் மொழியில் சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் எங்களோடு தமிழ் பேசுவது குறைந்து வந்த காலம் அது. அவர்களுடைய சோகத்தில்கூடப் பங்கு கிடைக்கவில்லையே என்பது அவளுடைய சோகம்.

கதையைக் கேட்ட ரூத் சிரித்துச் சிரித்து மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெர்னர் சிரிக்கவில்லை. நேச நாட்டுப் படைக்கு உணவு கொடுத்தவர் என்ற முறையில் என் பாட்டனார் சரியான பக்கத்தில் நின்ற மனிதர் என்றார். பாட்டனாரை நான் அறிவேன். வாழைப்பழம் கனிந்துவிட்டால் எந்தப் பக்கத்துக்கும் விற்றிருப்பார்.

பிறகு எனக்கு ஜேர்மன் பிரஜாவுரிமை கிடைத்தது. எத்தனையோ அலுவலகம், எத்தனையோ முத்திரை. பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவர் உண்மையான ஆள்தான் என்பதற்கு இன்னொரு சான்றிதழ் வாங்கி, கடைசியில் வரலாற்றுச் சோதனையும் எழுதி முடித்தேன். வெர்னர் பூங்கொத்தோடு வந்து வாழ்த்தினார். வாழ்த்தி முடிந்ததும் குரலைத் தாழ்த்தி, "இனி அந்தக் காலத்துப் பொறுப்பும் உங்களுடையது, ஃபரீனா" என்றார். நான் கடவுச்சீட்டு மட்டும்தான் தருகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

நஸீர் அன்றைக்கு முழுக்க என்னைக் கேலி செய்தார். "வீட்ட வாங்கினா ஓட்டையும் சேத்துத்தான் வாங்கோணும்" என்றார்.

3

இப்படி இருக்கும்போதுதான் ரூத்தின் ஒரே மகள் லேயாவும் வெர்னரின் ஒரே மகன் யோனாஸும் கல்யாணம் முடிக்கப் போவதாகச் சொன்னார்கள். ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கி வளர்ந்த பிள்ளைகள். எங்களைத் தவிர எல்லாருக்கும் அது முன்பே தெரிந்திருந்தது.

யோனாஸை ரூத்துக்குப் பிடிக்கும். எதற்கெடுத்தாலும் அவரோடு வாதாடுவான். உருளைக்கிழங்கு எத்தனை நிமிஷம் அவிய வேண்டும் என்பதில்கூட விட்டுக்கொடுக்க மாட்டான். தகப்பனைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நான், "அவர் இனி உங்கள் சம்பந்தி அல்லவா" என்று சொல்லி, மாப்பிள்ளை பெண் இருவரின் பெற்றோரும் ஒருவருக்கொருவர் அந்த முறை என்று விளக்கினேன். ரூத் துள்ளி எழுந்தார். அவருடைய தாய் பேசிய இத்திஷ் மொழியிலும் அந்த உறவுக்கு ஒரு சொல் உண்டாம். ஜேர்மன் மொழியில் இல்லை. இதைக் கேட்ட வெர்னர், இல்லாமல் போனதற்காக வருத்தம் தெரிவித்தார்.

பிரச்சினை கல்யாணப் பேச்சில் வந்தது. இங்கே விருந்தில் தகப்பன்மார் எழுந்து பேசுவது வழக்கம். வெர்னர் மாதக்கணக்காக எழுதி வைத்திருந்த பேச்சு பன்னிரண்டு பக்கம். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டில் தொடங்கியது. மாப்பிள்ளையும் பெண்ணும் பதினோராம் பக்கத்தில் வந்தார்கள். வெர்னரின் தகப்பன் ரயில்வே கந்தோரில் வேலை பார்த்தவர், யூதர்களை ஏற்றிக்கொண்டு கிழக்கே முகாம்களுக்குப் போன ரயில்களுக்கு நேரம் குறித்தவர்களில் ஒருவர். சாகும்வரை, ரயிலில் யார் போனார்கள் என்று தெரியாது என்றே சொன்னவர். அதைச் சொல்லாமல் மகனுடைய கல்யாணத்தில் எழுந்து நிற்க வெர்னரால் முடியவில்லை.

ரூத் என்னிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு இருந்தால் அவர் வரமாட்டார். பேச வேண்டாம் என்று நீங்களே அவரிடம் சொன்னால் என்ன என்று கேட்டேன்.

"சொன்னால் உடனே சரி என்பான். கிழித்துப் போடுவான். பிறகு கல்யாணம் முழுக்க அடிவாங்கிய முகத்தோடு உட்கார்ந்திருப்பான். எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். அவன் பேசினாலும் என்னால் முடியாது, நான் சொல்லி அவன் பேசாமல் இருந்தாலும் முடியாது. வராமல் இருப்பதுதான் வழி."

லேயா என் குசினியில் வந்து அழுதாள். தொடர்பே விட்டுப்போன தகப்பனைத் தவிர்த்தால், பெண் வீட்டார் என்று காட்ட அவளுக்கு இருப்பது தாய் ஒருத்திதான். மாமா, சாச்சி, பெரியம்மா என்று எங்களுக்கெல்லாம் மண்டபம் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஆட்களெல்லாம் அந்தக் காலத்திலேயே போய்விட்டார்கள். தாயும் வராவிட்டால் பெண் பக்கத்து மேசை வெறுமையாகத்தான் கிடக்கும்.

அந்த நேரம் பார்த்து நானாவின் மகளுக்கு மடவளையில் நிக்காஹ் வைத்திருந்தார்கள். வெர்னரை நான் அழைத்தேன், ரூத்தை லேயா தூண்டிவிட்டாள். மற்றவரும் வருகிறார் என்பது இருவருக்கும் விமான நிலையத்தில்தான் தெரிந்தது.

4

நிக்காஹ் அன்று எந்தக் குழப்பமும் இல்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ரூத் பெண்களோடு மருதோன்றி இட்டுக்கொண்டார், வெர்னர் ஆண்களோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுத் தலை சுற்றிச் சாய்ந்தார். இப்படி ஒரு ஏற்பாடு ஜேர்மனியிலும் இருந்தால் எவ்வளவு வசதி என்று ரூத் சொன்னார்.

அதற்கு முந்தின நாள் பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். வெர்னர் கையில் வரைபடம். உள்ளே ஒரு பாதை பிரியும் இடத்தில் ரூத் இடது பக்கம் என்றார். வெர்னர் வரைபடத்தைப் பார்த்தார், ரூத்தைப் பார்த்தார், வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். வெயிலில் நடந்து நடந்து மகாவலி ஆற்றங்கரையில் போய் முட்டிக்கொண்டோம். என் செருப்பு அறுந்தது. வெர்னர் ஆறு அழகாக இருக்கிறது என்றார்.

"அது தப்பான பாதை என்று எனக்குத் தெரியும்" என்று ரூத் என் காதில் சொன்னார். "வலது என்று ஒரு வார்த்தை சொல்வானா என்று பார்த்தேன். என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி தூக்கிக்கொண்டு திரிகிறான்."

மச்சி இதையெல்லாம் கவனித்திருக்கிறார். "ஃபரீனா, அந்த மனிசன் அவட மாப்புளதானே?" என்று கேட்டார். புருஷன் இல்லை என்றேன். "அப்ப ஏன் அவ செல்ற எல்லாத்துக்கும் தலையாட்டுறாரு? உங்கட நானா எனக்கு முப்பது வருஷத்துல ஒருக்காவாலும் தலையாட்டினாரா?" என்றார். முதலாவது கதை ஊருக்குள் போனது இந்த வழியாகத்தான்.

நான் பயந்தது வேறொன்றுக்கு. காலம் எப்படிப்பட்ட காலம் என்று எல்லாருக்கும் தெரியும். மடவளைச் சந்தியில் பலஸ்தீனக் கொடி கட்டியிருந்தது. ரூத் காரிலிருந்து அதைப் பார்த்தார். நாங்கள் வந்த இரண்டாம் நாள் நானா நேராகவே ரூத்திடம் காஸாவைப் பற்றிக் கேட்டார். மொழிபெயர்க்க என்னை நடுவில் போட்டார்கள். என்ன பேசினார்கள் என்று எழுதினால் இது வேறு கட்டுரையாகிவிடும். நானா கதிரைக் கையில் தட்டினார், ரூத் மேசையில் தட்டினார், நான் இரண்டு பக்கத்துக் கடுஞ்சொற்களையும் பாதியாக்கிக் கொடுத்தேன். சில இடங்களில் ஒத்துப்போனார்கள், பல இடங்களில் இல்லை. வெர்னர் தொடங்கிய உடனேயே எழுந்து, கொய்யாமரத்தைப் பார்க்க வேண்டும் என்று வெளியே போய்விட்டார். அந்த மரத்தில் அப்படிப் பார்க்க ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் ரூத் தானாகவே நானாவுக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உன் அண்ணனோடு பேசலாம்" என்றார். நானா, "கெட்டிக்காரப் பொம்புள, ஆனா பிழயாச் செல்றா" என்று சொல்லி, தன் தட்டிலிருந்த பெரிய பணிஸ் ரொட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

5

நிக்காஹ் முடிந்த மறுநாள் வீட்டில் விருந்தாளிகளுக்கு மட்டும் ஒரு சாப்பாடு. சஹன் வைத்தார்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. நடுவில் சோற்றைக் குவித்து, மேலே கோழியும் கறிகளும் வைத்து, ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து கையால் சாப்பிடுவோம். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் எழும்ப மாட்டார். தட்டு காலியாகாமல் கடைசி இனிப்பான வட்டிலப்பம் வராது.

சம்பந்திகளை ஒரே சஹனில் வைப்பதுதான் மரியாதை என்று நானா முடிவெடுத்தார். ஆணும் பெண்ணும் சேர்ந்தா என்று மச்சி முணுமுணுத்தார், நானா கேட்கவில்லை. பாயில் நானா, நஸீர், நான், வெர்னர், ரூத். பன்றி தவிர மற்றதெல்லாம் ரூத் சாப்பிடுவார். பன்றியை விட்டது தாயாருக்காக, மற்றதைப் பற்றிக் கடவுள் இன்னும் கேட்கவில்லை என்பார்.

சஹனில் நல்ல துண்டைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுவது எங்கள் பழக்கம். நஸீர் அதை வெர்னருக்குச் சொல்லிக்கொடுத்தார். சொல்லியிருக்கவே கூடாது. வெர்னர் தன் பக்கத்துக் கோழி முழுவதையும் ரூத்துக்குத் தள்ளினார். பிறகு என் பக்கத்தில் இருந்ததையும் தள்ளினார். ரூத்துக்கு முன்னால் கோழி மலை. அவரால் முடிந்ததைச் சாப்பிட்டார், மீதியை நானாவும் நஸீரும் தீர்த்தார்கள். ஒரு கால் மிஞ்சியது.

"நீ ஒன்றும் சாப்பிடவில்லை. இதைச் சாப்பிடு" என்று ரூத் அதைத் திருப்பித் தள்ளினார்.

வெர்னர் அசையவில்லை. ரூத் சொன்னால் கேட்க வேண்டும். நல்ல துண்டு ரூத்துக்குப் போக வேண்டும். இரண்டு மரியாதைக்கும் நடுவில் மனிதர் மாட்டிக்கொண்டார். மெதுவாக ஒரு விரலால் காலை ரூத் பக்கம் நகர்த்தினார். ரூத் திருப்பி நகர்த்தினார். கால் போவதும் வருவதுமாக இருந்தது. மச்சி வட்டிலப்பத்தை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். எங்கள் கைகளில் சோறு காய்ந்தது.

நானா பேசாமல் இருக்கக்கூடியவர் அல்ல. அவருக்குத் தெல்தெனியவில் ஹாட்வெயார் கடை. சில வருஷங்களுக்கு முன் அந்தப் பக்கம் சிங்களக் கும்பல் முஸ்லிம் கடைகளை எரித்தபோது நானாவின் கடையும் எரிந்தது. பக்கத்துக் கடை சுமனபால முதலாளி சிங்களவர். அவர் எரிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார், அவ்வளவுதான். கோழிக்காலைப் பார்த்துக்கொண்டே நானா அந்தக் கதையை எடுத்தார். நான் வெர்னருக்கும் ரூத்துக்கும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"கடய திரும்பக் கட்டினதுக்குப் பொறகு அந்தாள் என்னோட சண்டயே புடிக்கல்ல. முந்தி லொறி நிப்பாட்டுறதுக்கு நாளாந்தம் சண்ட. இப்ப அவர்ட வாசல்ல நிப்பாட்டினாலும் சிரிக்கிறாரு. புதுவருஷத்துக்கு கெவும் பணியாரம் அனுப்புறாரு. எனக்கு அது தொண்டயில எறங்கல்ல. ஒரு நாள் வேணுமெண்டே சீமெந்து மூட்டயள அவர்ட கடைக்குக் குறுக்கப் போட்டேன். வந்து கண்டபடி ஏசினாரு பாருங்க, உம்மா வாப்பா எல்லாரையும் இழுத்து. நானும் ஏசினேன். அண்டைக்குத்தான் உங்கட மச்சிக்கிட்டச் சென்னேன், இண்டைக்குத்தான் எங்கட கட தொறந்தீக்கி எண்டு."

அதுவும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ரூத் சொல்லவும் விடமாட்டார். ஆனால் அவர் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு வெர்னர் பக்கம் திரும்பினார்.

"வெர்னர், கல்யாணத்தில் நீ பேசக் கூடாது. இப்போதே சரி என்று சொல்."

அவர் சரி என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. லேயாவின் வெறும் மேசை என் கண்ணுக்கு முன்னால் வந்தது. வெர்னர் தலையைத் தாழ்த்தினார். ஆட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் கோழிக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியாது, ரூத்" என்றார்.

நஸீருக்கும் ஜேர்மன் தெரியும். அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

"யோனாஸ் என் மகன். அவன் கல்யாணத்தில் நான் பேசுவேன். என் அப்பா என்ன வேலை பார்த்தார் என்றும் சொல்வேன். உங்களுக்குக் கேட்கப் பிடிக்காவிட்டால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். பேராதனையில் இடது பக்கம் போயிருக்கவே கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்."

சொல்லிவிட்டுக் கோழிக்காலை எடுத்துக் கடித்தார். எலும்பு தெரியும்வரை சாப்பிட்டார்.

"எத்தனை பக்கம்?" என்று ரூத் கேட்டார்.

"பன்னிரண்டு."

"விருந்தாளிகள் செத்துவிடுவார்கள். நான்கு."

"பத்து."

"நான்கு. 1933 வேண்டாம்."

"1933 இல்லாமல் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல முடியாது." வெர்னரின் குரல் உயர்ந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. ரூத்தும் குரலை உயர்த்தினார். வாசலில் எட்டிப் பார்த்த அயல்வீட்டுப் பெண்கள் இரண்டாவது கதையோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். நானா என்னிடம், என்ன சண்டை என்று கேட்டார். கல்யாணத்தில் யார் எவ்வளவு பேசுவது என்று சண்டை என்றேன். சம்பந்திகள் என்றால் அப்படித்தானே என்று அவர் கையை நக்கிக்கொண்டார்.

ரூத் வெர்னரைப் பார்க்காமல், வெறும் சஹனைப் பார்த்துச் சொன்னார்.

"சரி. உன் அப்பாவைப் பற்றி நீ சொல். என் அப்பாவிடம் இரண்டு பெட்டி இருந்தது. அதைப் பற்றி நான் சொல்கிறேன். அதே மேடையில், உனக்குப் பக்கத்தில் நின்று சொல்கிறேன். ஆனால் நீ அழக் கூடாது."

நான் அதை நானாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. என்னால் முடியவில்லை. வெர்னரின் கண்கள் நிறைந்துவிட்டன. எண்ணெய்க் கையால் துடைக்கவும் முடியாமல், இமைகளை இறுக்கி, ஒரு துளிகூட விழாமல் பிடித்துக்கொண்டார்.

"அப்படியென்றால் நான்கு பக்கம் போதாது, ரூத்" என்றார்.